நான் எந்த பாத்ரூமுக்குப் போவட்டும்?

“எம்மா, நான் எந்த பாத்ரூமுக்குப் போவட்டும்?”

ஆதியம்மாள் சாதாரணமாகத்தான் கேட்டாள். வெங்காயக் கூடை எங்கே என்று கேட்கிற அதே குரல். ஆனால் வசுமதியின் கையிலிருந்த தோசைத் திருப்பி பாதி வழியில் நின்றுவிட்டது. கூடத்தில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் சுப்புராமன் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். காலேஜுக்குக் கிளம்பிய மகன் விஷால் சட்டென்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்ட ஆரம்பித்தான். பாட்டு எதுவும் ஓடவில்லை. ஒன்பதாவது படிக்கும் ஸ்வாதிக்கு அந்த நிமிஷத்தில் வரலாற்றுப் புத்தகத்தின்மேல் என்றுமில்லாத பாசம் வந்துவிட்டது.

தோசை கருகியது.

“இன்னாமா, தீயுது பாரு,” என்றாள் ஆதியம்மாள்.

வசுமதி அடுப்பை அணைத்தாள். “பாத்ரூமா? இன்னிக்கு வேணாம் ஆதி. நேத்துதானே மூணையும் கழுவினே?”

“கழுவறதுக்கு இல்லமா. போவறதுக்கு.”

வீட்டில் மூன்று பாத்ரூம்கள் இருந்தன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். படூரில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி எழுந்த அடுக்குமாடியில், மூன்றாவது மாடி. ஃப்ளாட் வாங்கும்போது தரகர் அந்த மூன்றையும் தனித்தனியாகத் திறந்து காட்டினார். பெரிய படுக்கையறையோடு சேர்ந்தது ஒன்று. அதில் படுத்துக் குளிக்கிற தொட்டி உண்டு. ஒரே ஒரு நாள் சுப்புராமன் அதில் படுத்துப் பார்த்து, எழுந்திருக்க விஷாலைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பிள்ளைகள் அறையோடு சேர்ந்தது இரண்டாவது. கூடத்தை ஒட்டியது மூன்றாவது, விருந்தாளிகளுக்கு.

ஆதியம்மாள் அந்த மூன்றையும் மூன்று வருஷமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணிக்கு வந்தால் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அந்த வீட்டில்தான் இருப்பாள். இந்த ஒன்பது மணி நேரத்தில் அவள் எங்கே போவாள் என்ற கேள்வி வீட்டில் யார் மனசிலும் எழவில்லை. எழவே இல்லை என்று சொன்னால் பொய். எழுந்தபோதெல்லாம் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

“சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்,” என்றாள் வசுமதி. சார் ஆறடி தூரத்தில்தான் குனிந்துகொண்டிருந்தார். அவர் நிமிராமலே கதவைத் திறந்து, நிமிராமலே மாடிப்படியில் இறங்கிப் போனார். லிஃப்ட் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

*

ஆதியம்மாள் கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தைச் சேர்ந்தவள். புருஷன் இருசப்பனுக்குச் சொந்தமாகப் படகு இருந்தது. சுனாமி அலை வந்த வருஷத்தோடு அது போயிற்று. இப்போது அடுத்தவன் படகில் பங்குக்குப் போகிறான். கடலில் கிடைத்தால் உண்டு. ஆதியம்மாளின் வேலைதான் வீட்டை நிறுத்தி வைத்திருந்தது. அதனால் அவள் வேலை விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை. காலை ஐந்தரைக்குத் தன் வீட்டுக் கக்கூஸுக்குப் போய்விட்டுக் கிளம்பி, இரண்டு ஷேர் ஆட்டோ மாறி வந்து, மறுபடி சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு திரும்பித்தான் போவாள். நடுவில் தண்ணீரே குடிக்க மாட்டாள்.

“எங்க ஆதிக்கு ஒரு டம்ளர் தண்ணி கூட வேண்டாம். அப்படி ஒரு நல்ல குணம்,” என்று வசுமதி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நல்ல குணம் போன மாசம் காய்ச்சலாக வந்தது. அடிவயிற்றில் குத்தல், எரிச்சல், கடைசியில் ரத்தம். சூடு பிடித்திருக்கிறது என்று மோரும் வெந்தயமும் குடித்துப் பார்த்தாள். முடியாமல் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவளைத் திட்டியே தீர்த்துவிட்டார்: ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும். வந்தா உடனே போகணும். அடக்கினே, அடுத்த தடவை கிட்னி கெட்டுத்தான் இங்கே வருவே.

குப்பத்தில் அலைக்குப் பிறகு கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீட்டில் ஒரு கக்கூஸ் உண்டு. நாலு பேர், ஒரு கக்கூஸ், ஒரு வம்பும் இல்லை. படூரில் நாலு பேருக்கு மூன்று இருக்கிறதே, ஐந்தாவது ஆளுக்கு இடமில்லாமலா போய்விடும் என்று அவள் நினைத்தாள். கணக்கு தெரிந்தவள்தான். ஜனங்களைத்தான் தெரியவில்லை.

*

அவள் கேட்ட அன்றிலிருந்து சமையலறை மேடையில் ஒரு பெரிய பாட்டில் வந்து உட்கார்ந்தது. கூல்டிரிங்க்ஸ் விற்கிற இரண்டு லிட்டர் பாட்டில். ஆதியம்மாள் அதில் தண்ணீர் நிரப்பி, பாத்திரம் கழுவுகிற நடுவில், காய் நறுக்குகிற நடுவில், மடக் மடக்கென்று குடித்தாள்.

வீட்டார் அந்தப் பாட்டிலைப் பார்த்த பார்வையை மதுராந்தகம் ஏரி நிரம்பும்போது கரையோரத்து ஜனங்கள் பார்க்கிற பார்வையோடு ஒப்பிடலாம். ஒன்பது மணிக்குக் கழுத்து வரை இருந்தது. பத்து மணிக்கு லேபிளுக்குக் கீழே இறங்கியது. பத்தரைக்கு வசுமதிக்கு வியர்த்துவிட்டது.

“ஆதி, கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கிட்டு வாயேன்.”

போகிற வழியில் ஏதாவது ஒரு இடத்தில் ஏதாவது ஒரு வழி செய்துகொள்வாள் என்பது அவளுடைய திட்டம். எந்த இடம், என்ன வழி என்பதெல்லாம் திட்டத்தில் இல்லை. ஆதியம்மாள் கறிவேப்பிலையோடு போன மாதிரியே திரும்பி வந்தாள். பதினொன்றரைக்கு மறுபடி கறிவேப்பிலை. இரண்டு மணிக்கு இன்னொரு கட்டு. வியாழக்கிழமைக்குள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் தோப்புக்குள் நுழைந்தது போல் வாசனை அடித்தது. சாம்பாரில் கறிவேப்பிலை, ரசத்தில் கறிவேப்பிலை, விஷாலின் முட்டை ஆம்லெட் முழுப் பச்சையாக இருந்தது.

“இன்னாமா, ஆடு எதுனா வளக்கப் போறியா?” என்று ஆதியம்மாள் கேட்டாள்.

வசுமதி சிரித்தாள். சிரிப்பு வரவில்லை, ஆனாலும் சிரித்தாள். அவள் கெட்ட மனுஷி இல்லை. ஆதியம்மாளின் மகள் ஷீலாவுக்கு ஸ்வாதியின் பழைய யூனிஃபார்மைக் கொடுத்தவள். ஆதி தேய்த்த சப்பாத்தியை வீடே சாப்பிடுகிறது. “எங்க வீட்ல சாதி எல்லாம் பாக்கறதே இல்லை” என்று அவள் சொல்லும்போது உண்மை என்று நம்பித்தான் சொன்னாள். இது சாதி இல்லை, சுகாதாரம். சுகாதாரம் என்றால் என்ன என்று மேலே யோசிக்கும்போதுதான் குக்கர் விசில் அடிக்கும்.

ஆதியம்மாள் தினமும் ஒரு தடவையாவது கேட்டாள். “சார்கிட்ட கேட்டியாமா?”

“கேட்டேன். அசோசியேஷன்ல பேசறேன்னு சொல்லியிருக்கார்.”

சனிக்கிழமை வாக்கில் ஆதியம்மாளுக்கு மறுபடி எரிச்சல் ஆரம்பித்தது. அவள் ஒரு முடிவுக்கு வந்து, மேல்மாடி வேலைக்காரிகள் இரண்டு பேரோடு காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னாலிருந்த காலி மனைக்குப் போய்வந்தாள். முள்ளுச் செடி, உடைந்த செங்கல், எதிரே கட்டுகிற கட்டடத்தின் சாரத்தில் ஏழெட்டு ஆம்பளைகள். ஒருத்தி புடவையை விரித்துப் பிடிக்க மற்றவள் உட்கார வேண்டும். நாற்பது வயசில் அப்படி உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

*

சுப்புராமன் ஒரு ஐ.டி. கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுத் தலைவர். ஒரு தவறு நடந்தால் அதன் வேரைக் கண்டுபிடிக்க ஐந்து தடவை ‘ஏன்’ என்று கேட்க வேண்டும் என்பது அவர் புது ஆட்களுக்கு எடுக்கும் பாடம். ஏன் தாமதம்? ஏன் தவறு? ஏன், ஏன், ஏன்? ஐந்தாவது ‘ஏன்’னில் உண்மை வெளியே வந்து விழும் என்பார். இந்தப் பாடத்துக்காக அவருக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்திருந்தார்கள். அது கூடத்து அலமாரியில், மூன்றாவது பாத்ரூமுக்கு எதிரே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு அசோசியேஷன் கூடியது. செயலாளர் என்ற முறையில் சுப்புராமன் ஏழாவது பொருளாக, “பணிப்பெண்கள் – வசதி” என்று எழுதியிருந்தார்.

“வசதின்னா?” என்றார் தலைவர் நரசிம்மன். அணு ஆராய்ச்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“அதான் சார். வசதி.”

“ஃபேன் மாதிரியா?”

“இல்ல சார். அந்த... இயற்கையான விஷயம்.”

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எல்லோரும் தத்தம் காரைப் பார்த்தார்கள். இரண்டாம் மாடி ஆபிரகாம் மட்டும் கையைத் தூக்கினார். “பிளானில் கீழ்த்தளத்திலே வேலைக்காரங்களுக்குன்னு ஒரு கக்கூஸ் இருக்கே சார்? நான் வாங்கும்போது பார்த்தேன்.”

அந்தச் சொல் காதில் விழுந்ததும் பெண்கள் வரிசையில் ஒருவர் இருமினார்.

“அது இப்ப கக்கூஸ் இல்லை,” என்றார் நரசிம்மன். “பிள்ளையார் சதுர்த்திச் சாமான் எல்லாம் அதிலேதான் வச்சிருக்கோம். பந்தல் துணி, குடை, விளக்கு. சாமி சாமான் வச்ச இடத்தை எப்படி சார் மறுபடி அதுவாக்கறது?”

“கக்கூஸ்ல சாமி சாமானை எப்படி வச்சீங்க?”

“டீ ஆறுது, எடுத்துக்குங்க,” என்று ஆபிரகாமிடம் ஒரு கோப்பையை நீட்டினார்கள். பிறகு ஒரு துணைக்குழு அமைத்து, சுப்புராமனையே அதற்குத் தலைவராகப் போட்டார்கள். ஆறு மாசத்தில் அறிக்கை தர வேண்டும்.

“அதுவரைக்கும் ஒண்ணு பண்ணணும்,” என்றார் நரசிம்மன். “பின்பக்கச் சுவர் ஓரமா சில பேர் போறதா வாட்ச்மேன் சடையப்பன் சொல்றான். பார்க்க நல்லா இல்லை.”

செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சுவர் முழுக்கச் சாமி டைல்ஸ் ஒட்டப்பட்டிருந்தது. பிள்ளையார், முருகன், மாதா, பிறை நட்சத்திரத்தோடு ஒரு மசூதி. நாலடிக்கு ஒரு தெய்வம். “உங்க மாதாவையும் சேர்த்திருக்கோம் சார், நம்ம அபார்ட்மென்ட்ல பேதமே கிடையாது,” என்று நரசிம்மன் ஆபிரகாமின் தோளைத் தட்டினார். கக்கூஸ் கேட்டதற்கு ஆறு மாசம் கெடு. சுவரோரம் போவதைத் தடுக்க ஒன்றரை நாள் போதுமானதாக இருந்தது. நம் ஜனங்களுக்குச் சுறுசுறுப்பு இல்லை என்று யார் சொன்னது?

ஆதியம்மாள் அந்தச் சுவர் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பழக்க தோஷம். அப்புறம் மேலே வந்து வேலையை ஆரம்பித்தாள்.

*

அன்றைக்குப் பொது விடுமுறை. நாலு பேரும் சாப்பாட்டு மேஜையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆதியம்மாள் சட்னியை வைத்தாள். வைத்தவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“சார், அசோசேசன்ல இன்னா சொன்னாங்க?”

“குழு போட்டிருக்கு. ப்ராசஸ்ல இருக்கு,” என்றார் சுப்புராமன் இட்லியைப் பார்த்து.

“எனுக்கு ப்ராசஸ்லாம் தாங்காது சார். நான் போயிட்டு வரேன்.”

அவள் நேராகப் பெரிய படுக்கையறைக்குள் நடந்தாள். அந்த அறைக்கும் பாத்ரூமுக்கும் அவள் அடிக்கடி போகிறவள்தான். கையில் பிரஷ் இருக்கும், கதவு அகலத் திறந்திருக்கும். இன்று கையில் பிரஷ் இல்லை. கதவு மூடியது. உள்தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழுந்த சத்தம் மேஜை வரைக்கும் கேட்டது.

வசுமதி புரையேறி இருமினாள். அடுத்த சத்தம் எதுவும் காதில் விழாமலிருக்க, நாலு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். சுப்புராமன் மழை பற்றிப் பேசினார். விஷால் பரீட்சை பற்றி. வசுமதி சட்னியில் உப்பு பற்றி. ஸ்வாதிக்கு ஒன்றும் கிடைக்காமல் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொன்னாள். ஃப்ளஷ் சத்தம் வந்தபோது நாலு பேரும் கிட்டத்தட்டக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆதியம்மாள் வெளியே வந்தாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி. “இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுமா?” என்றாள். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அவ்வளவு நாகரிகமான குடும்பம். அவர்கள் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: அந்த பாத்ரூமுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள்.

அதையும் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை காலை சுப்புராமன் பல் துலக்கும் பிரஷோடு கூடத்து பாத்ரூம் வாசலில் நின்றார். “அங்கே தண்ணி ஃபோர்ஸ் இல்லை,” என்றார், யாரும் கேட்காமலே. வசுமதி சோப்பு டப்பாவோடு பிள்ளைகள் அறைக்கு வந்தாள். “அங்கே பல்லி இருக்கு.” பெரிய பாத்ரூமின் துண்டுகள், ஷாம்பு, சுப்புராமனின் சவரக் கருவி எல்லாம் ஊரைக் காலி செய்கிற மாதிரி ஒவ்வொன்றாக வெளியேறின.

நாலு பேர், இரண்டு பாத்ரூம். காலை ஆறு முதல் ஏழரை வரை கதவைத் தட்டுகிற சத்தம்தான். ஏழு இருபதுக்குக் கீழே வருகிற கம்பெனி பஸ்ஸைச் சுப்புராமன் இரண்டு நாள் கோட்டைவிட்டார். சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதற்காகச் சனிக்கிழமை பிளம்பரைக் கூப்பிட்டார். லட்சுமணன் வந்து குழாயைத் திறந்தான். தண்ணீர் அவன் மூஞ்சியில் அடித்தது.

“சார், ஃபோர்ஸ் சூப்பரா கீதே? இன்னா ப்ராப்ளம்?”

“கொஞ்சம் கம்மியா இருக்கற மாதிரி தோணுச்சு.”

“யாருக்கு சார்?”

சுப்புராமன் அவனுக்குப் பணம் கொடுத்து அனுப்பிவைத்தார்.

*

ஆதியம்மாளுக்கு ஒரு வாரம் சுகமாகப் போனது. தண்ணீர் குடித்தாள், போனாள், வந்தாள். எரிச்சல் குறைந்தது. அடுத்த புதன்கிழமை மூன்று பாத்ரூமையும் கழுவும்போதுதான் கவனித்தாள்.

பாத்ரூம் தரையை ஒரு பார்வை பார்த்தாலே யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று சொல்லிவிடுவாள் அவள். பெரிய பாத்ரூம் தரை எலும்பாகக் காய்ந்து கிடந்தது. அவள் காலடியைத் தவிர வேறு காலடி இல்லை. பிரஷ் வைக்கிற கப் இல்லை. துண்டு இல்லை. மற்ற இரண்டிலுமோ நாலு பேரின் பிரஷ், துண்டு, கொடியில் சுப்புராமனின் பனியன். எள் போட இடமில்லை.

அவள் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். வயிறு பற்றி எரிந்தது. இது வேறு எரிச்சல். மூன்று வருஷமாக அந்த நாலு பேரும் உட்கார்ந்த இடத்தைக் கையால் தேய்த்தவள் அவள். அவள் ஒருத்தி உட்கார்ந்ததும் அந்த இடம் ஆகாததாகிவிட்டது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சாயங்காலம் இருசப்பனிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான்.

“உனுக்குனு தனியா ஒண்ணு குடுத்துட்டாங்கன்னு நெனச்சிக்கோயேன். தொட்டிலாம் கீதுன்ற.”

“குடுத்தாதானேயா அப்டி நெனைக்கறது? நான் போன எடத்த வுட்டுட்டு ஓடிகினு கீறாங்க.”

“சரி, இன்னா பண்ணப் போற?”

“எவ்ளோ தூரம் ஓடுவாங்கன்னு பாக்கப் போறேன்.”

வியாழக்கிழமை அவள் பெரிய பாத்ரூமைத் தாண்டிப் போனாள். பிள்ளைகள் அறைக்குள் நுழைந்து, இரண்டாவது பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து நாலு பேருக்கு ஒரு பாத்ரூம். பெரியதற்கு வந்த அதே வியாதி இரண்டாவதற்கும் வந்துவிட்டது: தண்ணீர் ஃபோர்ஸ் இல்லை, பல்லி. கூடத்தில் ரேஷன் கடை மாதிரி வரிசை. ஸ்வாதியின் ஸ்கூல் பஸ் போயிற்று. வசுமதி பக்கத்து வீட்டுக்குத் தயிருக்கு உறை கேட்கிற சாக்கில் போய், அங்கே பத்து நிமிஷம் இருந்துவிட்டு வந்தாள். உறை வாங்க மறந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஆதியம்மாள் கிளம்பிப் போனதும் புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள்.

“வேற ஆள் பார்த்துடலாமா?” என்றார் சுப்புராமன்.

“பார்க்கலாம். இவகிட்ட என்னன்னு சொல்லி நிறுத்தறது?”

“வேலை சரியில்லைன்னு சொல்லு.”

“அவ வேலையைப் பத்தி இந்த பில்டிங் பூரா நானே பெருமை அடிச்சு வச்சிருக்கேன்.”

“அப்ப உண்மையைச் சொல்லிடு.”

“எந்த உண்மையைங்க?”

சுப்புராமன் வாயைத் திறந்தார். ஒருத்தியை வேலையைவிட்டு நிறுத்தக் காரணம் வேண்டும். காரணத்தைச் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியம் ‘நீ எங்க பாத்ரூமுக்குப் போனதால...’ என்று தொடங்கும். அது எப்படி முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வசுமதிக்கும் தெரிந்திருந்தது. அதைத் தன் வாயால் சொல்ல இரண்டு பேருமே தயாராக இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டார்.

கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்ட விஷால் உள்ளே தலையை நீட்டினான். “அப்பா, உங்க அஞ்சு ‘ஏன்’ போட்டுப் பாருங்களேன். ஏன் நாம அந்த ரெண்டு பாத்ரூமுக்கும் போறதில்லை?”

“ஆதி போறதால,” என்றார் சுப்புராமன் வேண்டாவெறுப்பாக.

“அவ போனா ஏன் நாம போகக்கூடாது? இது ரெண்டாவது.”

“இரு, ஆபீஸ்லேர்ந்து போன்,” என்று செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். மணி அடித்ததாக மற்ற இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. அதற்காக விஷாலை ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். அப்பாவை மடக்கிய சந்தோஷத்தோடு அவனும் கூடத்து பாத்ரூமுக்குத்தான் போனான்.

*

திங்கட்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிஷம். கூடத்து பாத்ரூமுக்குள் சுப்புராமன். வெளியே வரிசையில் விஷால், ஸ்வாதி, வசுமதி. ஆதியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து வசுமதிக்குப் பின்னால் நின்றாள்.

வசுமதி திரும்பிப் பார்த்தாள். “ஆதி, உனக்குத்தான் அங்கே ரெண்டு இருக்கே?”

“கீதுமா. உங்களுக்கும்தான் கீது. நீங்க இன்னாத்துக்கு இங்க நிக்கிறீங்க?”

விஷாலுக்கு ரெக்கார்ட் நோட்டு நினைவுக்கு வந்து நகர்ந்தான். ஸ்வாதிக்குத் தலை பின்ன வேண்டியிருந்தது. வசுமதி மட்டும் நகர முடியாத நிலையில் இருந்தாள். காலையிலிருந்து இரண்டு காபி குடித்திருந்தாள். ஆனாலும் ஆதியம்மாளைப் பார்த்துப் பேச முடியாமல் ஒரு அடி ஒதுங்கினாள். வரிசையில் முதல் ஆளாக இப்போது ஆதியம்மாள் நின்றாள். கதவைத் தட்டினாள்.

“யாரு? விஷாலா? இருடா.”

“நான்தான் சார், ஆதி. நேரம் ஆவுமா?”

தரக் கட்டுப்பாட்டுத் தலைவர் உள்ளே என்ன யோசித்தார் என்று நமக்குத் தெரியாது. வெளியே வந்தால் அவள் உள்ளே போவாள். அவள் உள்ளே போனால் வீட்டில் மிச்சமிருந்த கடைசி பாத்ரூமும் போச்சு. வராமலே இருந்துவிடலாம் என்றால் கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டது. ஒரு தடவை அடித்தது. இரண்டாம் தடவை நீளமாக அடித்தது.

கதவு திறந்தது. சுப்புராமன் அவள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு வெளியே வந்தார். ஆதியம்மாள் வழிவிடவில்லை.

“தண்ணி ஊத்தலயே சார்? சத்தமே கேக்கல.”

“என்ன?”

“ஃப்ளஷ் சார். தெனம் நீ வுட்டுட்டுப் போறத நான்தான் வந்து இழுத்து வுடறேன். இன்னிக்கு நான் வேலையா வரல. நீயே பண்ணிடு.”

சுப்புராமனின் காது சிவந்தது. பெண்டாட்டியைப் பார்த்தார். வசுமதி அலமாரியில் இருந்த கேடயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி உள்ளே போனார். ஃப்ளஷ் சத்தம் கேட்டது. வெளியே வந்து, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, மூன்று மாடியும் இறங்கி ஓடினார்.

ஆதியம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வசுமதி கூடத்தில் தனியாக நின்றாள். இடப்பக்கம் பெரிய பாத்ரூம், வலப்பக்கம் பிள்ளைகள் பாத்ரூம். இரண்டின் கதவும் திறந்து கிடந்தன, இரண்டும் ஆதியம்மாள் கையால் கழுவிப் பளபளத்தன. எதற்குள் வேண்டுமானாலும் பத்தடியில் போய்விடலாம். போகாததற்குக் காரணம் ஒன்று மனசில் மேலே வந்துகொண்டிருந்தது; அவள் அதைப் பார்க்காமல் ஒரு காலில் நின்றாள், இன்னொரு காலுக்கு மாறினாள். குக்கர் எதுவும் அடுப்பில் இல்லை.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். தாங்கவில்லை. கடைசியில் கதவைத் தட்டினாள்.

“ஆதி, இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்? அவசரம்டீ!”

உள்ளேயிருந்து நிதானமாகப் பதில் வந்தது.

“மூணு வருசம் நான் அடக்கிகினு வேலை செய்யலியா? ரெண்டு நிமிசம் அடக்கிக்கமா, வந்துர்றேன்.”

வசுமதி அடக்கிக்கொண்டு நின்றாள்.